ஏற்காடு ஏறும்போது மட்டும் எரியும் செக் என்ஜின் விளக்கு: நாலு மாதமாகத் தீரவில்லை

நாகலூர்_மகன் | ஞாயிறு, இரவு 9.50

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி 2013 மாடல், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர் பெட்ரோல். 1,38,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அப்பா ஆசைப்பட்டு வாங்கியது. அவர் போன பிறகும் விற்க மனசு வரவில்லை. நான் சேலத்தில் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன். அம்மா ஏற்காட்டுக்கு மேலே நாகலூரில். வாரம் ஒருமுறை அம்மாவைச் சிகிச்சைக்குக் கீழே கூட்டி வந்து, மாலையில் மேலே கொண்டுபோய் விடுகிறேன்.

நாலு மாதமாக மஞ்சள் விளக்கு எரிகிறது. ஸ்கேன் செய்தால் வருவது ஒரே கோடு (பழுதுக் குறியீடு), பி0171. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, அதாவது லீன் என்கிறார்கள். அழித்துவிட்டால் இரண்டு மூன்று வாரம் சும்மா இருக்கும். டவுனுக்குள் எவ்வளவு ஓட்டினாலும் வராது. மறுபடி ஒரு நாள் மலை ஏறும்போது வந்துவிடும். அன்றைக்கு இழுவையும் குறையும். செகண்ட் கியரில் மிதித்தால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் போகிறது.

இதுவரை மாற்றியவை: ஏர் ஃபில்டர், நாலு ஸ்பார்க் பிளக், முன்பக்க ஆக்சிஜன் சென்சார். த்ராட்டில் பாடியும் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. மொத்தம் 9,400 ரூபாய். கடைசியாகக் காட்டிய பட்டறையில் "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், இல்லேன்னா கம்ப்யூட்டர்" என்று சொல்லி 18,000 கேட்கிறார்கள். பணத்தைவிட, இருட்டிய பிறகு அம்மாவை வைத்துக்கொண்டு 12ஆம் வளைவில் வண்டி நின்றால் என்ன செய்வது என்பதுதான் எனக்குக் கவலை. செலவு செய்வதற்கு முன்னால் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

அடிவாரம்78 | ஞாயிறு, இரவு 10.15

தம்பி, இது மலையோட குணம். மேலே போகப் போகக் காத்து மெலிசாயிடும். அதான் லீன் கோடு காட்டுது. எங்க பழைய கார்புரேட்டர் வண்டியும் ஏற்காட்டுல திணறும். கீழே வந்தா சரியாயிடும். ரொம்ப அலட்டிக்காதீங்க.

மேட்டூர்_தண்ணி | ஞாயிறு, இரவு 10.40

எல்லாம் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகுதான் ஆரம்பம். 2023க்கு முன்னாடி இந்த மாதிரிப் புகாரே கிடையாது. பழைய வண்டிக்கு எத்தனால் ஆகாது. அவ்வளவுதான் விஷயம்.

இரண்டாம்_கியர் | திங்கள், காலை 6.20

நாகலூர் தம்பி, 18,000 கொடுக்காதீங்க. கொஞ்சம் பொறுங்க.

முதலில் அடிவாரம் அண்ணன் சொன்னதுக்கு ஒரு திருத்தம். காற்று மெலிந்தால் கலவையில் பெட்ரோல் அதிகமாகும், குறையாது. கார்புரேட்டர் வண்டி ஏற்காட்டில் திணறியது அதனால்தான்: பெட்ரோல் வரும் ஜெட் துளை அதே அளவு, உள்ளே வரும் காற்று குறைவு, கலவை கொழுத்துப் போய்க் கரும்புகை தள்ளும். இந்த வண்டிக்கு வந்திருப்பது நேர் எதிர்க் கோடு. அதுவும் இன்ஜெக்‌ஷன் வண்டி உயரத்தைத் தானே கணக்கில் எடுத்துக்கொள்ளும். சாவியை ஆன் செய்து என்ஜினைக் கிளப்பாமல், காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரின் அளவைப் பாருங்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர் போல, அங்கே 98 கிலோபாஸ்கல் ஒட்டிக் காட்டும். ஏற்காடு 1,500 மீட்டருக்கு மேல், அங்கே 85 ஒட்டி வரும். அந்த வித்தியாசம் கம்ப்யூட்டருக்குத் தெரியும். தெரிந்துதான் பெட்ரோல் விடும்.

மேட்டூர் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. சுத்தப் பெட்ரோல் ஒரு கிலோவுக்கு 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். அதனால் இ10க்குப் பழகிய வண்டி இ20 குடித்தால் கம்ப்யூட்டர் நாலைந்து சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் விட வேண்டியிருக்கும். ஆனால் பி0171 வர அந்தக் கூடுதல் 25 சதவீதம் பக்கம் போக வேண்டும். அதோடு, எத்தனால் காரணமென்றால் டவுனிலும் அதே அளவு காட்டும், மலைக்கு மட்டும் தனிக் கணக்கு இருக்காது.

கோடு என்பது பழுதான பாகத்தின் பெயர் இல்லை. "நான் எவ்வளவு பெட்ரோல் கூட்டினாலும் ஆக்சிஜன் சென்சார் இன்னும் காற்று மிச்சம் என்றே சொல்கிறது" என்று கம்ப்யூட்டர் எழுதி வைத்த புகார் அது. புகார் கொடுத்த சென்சாரையே மாற்றியிருக்கிறார்கள். புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் கெட்டால் வருவது பி0420, அது வேறு கதை.

ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்குங்கள், ஆயிரத்துக்குள் கிடைக்கும். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருக்கும், அதில் செருகிப் போனில் பார்க்கலாம். எனக்கு வேண்டியது இரண்டு விஷயம். ஒன்று, ஃப்ரீஸ் ஃப்ரேம், அதாவது கோடு விழுந்த அந்த நொடியில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்ற பதிவு. கோடை அழித்தால் அதுவும் போய்விடும், அதனால் தயவுசெய்து அழிக்காதீர்கள். இன்னொன்று, ஃபியூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட எத்தனை சதவீதம் பெட்ரோல் கூட்டுகிறது என்ற கணக்கு. அந்த நொடிக்கான ஷார்ட், நாள்பட்ட லாங், இரண்டும் வேண்டும். ஐட்லிங்கில், நின்றபடி 2,500 ஆர்பிஎம்மில், அப்புறம் மலை ஏறும்போது. வண்டி ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்க வேண்டாம், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள்.

காபிக்கொட்டை | திங்கள், காலை 8.05

எங்க எஸ்டேட் ஜீப்பில் இந்த விளக்கு ரெண்டு வருஷமா எரியுது. கறுப்பு டேப் ஒட்டிட்டோம். ஓடுது.

இரண்டாம்_கியர் | திங்கள், காலை 8.30

@காபிக்கொட்டை, வேண்டாம் நண்பரே. விளக்கு நிலையாக எரிந்தால் பார்த்து ஓட்டலாம். விட்டு விட்டு மின்னினால் மிஸ்ஃபயர் என்று அர்த்தம், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அதைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சும். டேப் ஒட்டிவிட்டால் இந்த வித்தியாசமே உங்களுக்குத் தெரியாது. இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

நாகலூர்_மகன் | புதன், இரவு 10.30

ஸ்கேனர் வாங்கிவிட்டேன். தங்கை கூட வந்து எழுதினாள்.

ஃப்ரீஸ் ஃப்ரேம்: 2,900 ஆர்பிஎம், வேகம் 38, லோடு 78, கூலன்ட் 94 டிகிரி, லாங் ட்ரிம் +17, ஷார்ட் ட்ரிம் +14. செகண்ட் கியரில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டு வாசலில் ஐட்லிங்: லாங் +4, ஷார்ட் சுழியத்தைச் சுற்றி. 2,500இல் நின்றபடி: மொத்தம் +5.

இன்று மதியம் கோரிமேட்டிலிருந்து அடிவாரம் வரை: +6. ஏற்றத்தில்: +9, +11, ஒருமுறை +12. அதற்கு மேல் போகவில்லை. விளக்கும் எரியவில்லை, இழுவையும் நன்றாக இருந்தது. எனக்கு இன்னும் குழப்பம்தான்.

தறிச்சத்தம் | புதன், இரவு 11.10

தம்பி, நான் அம்மாபேட்டையிலிருந்து. எங்கள் வண்டிக்கும் இதே கோடு வந்தது. என்ஜினுக்குக் காற்று கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு குழாயின் கேஸ்கெட்டில் காற்று கசிந்தது. சோப்புத் தண்ணி தெளித்துக் கண்டுபிடித்தார்கள். அதைப் பார்த்தீர்களா?

இரண்டாம்_கியர் | வியாழன், காலை 6.10

அக்கா கேட்டது நல்ல கேள்வி, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

காற்றுக் கசிவு ஐட்லிங்கில்தான் பெரிதாகத் தெரியும். அப்போது மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சல் அதிகம், வண்டிக்குத் தேவையான காற்று குறைவு, சின்ன ஓட்டையும் பெரிய பங்கு எடுத்துக்கொள்ளும். ஆக்சிலேட்டரை மிதித்தால் உறிஞ்சல் விழுந்துவிடும், கசிவும் பொருட்டில்லாமல் போகும். அக்கா வண்டியில் ஐட்லிங் ட்ரிம் எகிறி, 2,500இல் இறங்கியிருக்கும். இங்கே தலைகீழ்: ஐட்லிங் நன்றாக இருக்கிறது, சுமை ஏறினால்தான் எகிறுகிறது. இன்னொன்று, தம்பி வண்டியில் காற்றின் அளவை நேராக அளக்கும் சென்சார் கிடையாது, மேனிஃபோல்டு அழுத்தத்தை அளந்துதான் கணக்குப் போடுகிறது. கசிந்து வரும் காற்றும் அந்த அழுத்தத்தில் சேர்ந்துவிடும், கம்ப்யூட்டர் அதற்கும் பெட்ரோல் விட்டுவிடும். அந்த மாதிரி வண்டியில் கசிவு இருந்தால் லீன் கோடைவிட ஐட்லிங் வேகம் ஏறுவதுதான் முதலில் தெரியும்.

ஆகப் பார்க்க வேண்டியது பெட்ரோல் வரும் பக்கம். டேங்குக்குள் இருக்கும் பம்ப், அதன் வலை ஃபில்டர், பிறகு பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். ஐட்லிங்கில் என்ஜின் குடிப்பது கொஞ்சம், நோஞ்சான் பம்ப்கூடத் தாக்குப் பிடிக்கும். ஏற்றத்தில்தான் சாயம் வெளுக்கும். ஆனாலும் பம்ப்பை மாற்றாதீர்கள். முதலில் கேஜ் போட்டு பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், 3 பாருக்குக் கொஞ்சம் மேலே நிற்க வேண்டும். தெரிந்த மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். லைனில் பிரஷர் இருக்கும்போது பைப்பைப் பிடுங்கினால் சூடான என்ஜின்மேல் பெட்ரோல் பீய்ச்சும். பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே என்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, அப்புறம்தான் கழற்ற வேண்டும்.

நாகலூர்_மகன் | வெள்ளி, இரவு 9.00

சூரமங்கலத்தில் ஒருவர் கேஜ் வைத்திருந்தார். ஐட்லிங்கில் 3.1 பார். ஆக்சிலேட்டரை உறுமவிட்டாலும் 3.1. முள் அசையவே இல்லை. "பம்ப் கல்லு மாதிரி இருக்கு, காசு வேண்டாம் போங்க" என்றார். நல்ல மனிதர், வற்புறுத்தித்தான் நூறு ரூபாய் கொடுத்தேன்.

இப்போது எங்கே போவது?

அடிவாரம்78 | வெள்ளி, இரவு 9.20

குப்பனூர் வழியா ஏறிப் பாருங்க தம்பி. அந்த ரோட்டுலயும் வருதான்னு தெரியும்ல. இரண்டாம்_கியர் சார் சொன்னது புரிஞ்சுது, இத்தனை வருஷம் நான் தப்பா நினைச்சிட்டிருந்தேன்.

நாகலூர்_மகன் | சனி, இரவு 11.45

அண்ணே, குப்பனூர் போகவில்லை. ஆனால் இன்று மாட்டிக்கொண்டது.

மாலை ஆறு மணிக்கு அடிவாரம் செக்போஸ்ட் தாண்டினேன். அறுபதடிப் பாலம் தாண்டியதும் பனிமூட்டம் கவிந்துவிட்டது. தங்கை எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். +10, +12 என்று போனது திடீரென்று +22, +26, +31. வண்டி திணறியது. விளக்கும் எரிந்தது. ஒண்டிக்கடை சமதளத்தில் கொஞ்சம் இறங்கி, நாகலூர் போகும்வரை அப்படியே.

மச்சான் பைக்கில் பின்னால் வந்தான். வீட்டில் இறங்கியதும், "உங்க வண்டி பின் விளக்கு ரெண்டும் செங்கல் கலர்ல மங்கிப் போயிருக்கு, பனியில எனக்கே தெரியல, பல்பு மாத்துங்க" என்றான். வாசலில் நிறுத்தி விளக்கைப் போட்டுப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது. அவனுக்குப் பனியில் அப்படித் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மதியம் ஏறினால் நல்ல வண்டி, இரவு ஏறினால் கெட்ட வண்டி. எனக்குப் புரியவில்லை.

செவ்வாய்ப்பேட்டை_ஒயர்மேன் | ஞாயிறு, காலை 5.30

தம்பி வணக்கம். நான் எழுதுறது கம்மி, படிக்கிறதுதான் அதிகம். 31 வருஷம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்த்தவன். உங்க மச்சான் சொன்ன வார்த்தையைப் படிச்சதும் எழுந்து உட்கார்ந்துட்டேன். பனி இல்ல தம்பி அது. அவர் கண்ணு சரியாத்தான் பார்த்திருக்கு.

ஒண்ணு சொல்லுங்க. பனி வந்ததும் பின் கண்ணாடியைச் சூடாக்கித் தெளிய வைக்கிற டீஃபாகர் போட்டீங்களா? வீட்டு வாசல்ல விளக்கைப் பார்த்தப்போ அது அணைஞ்சிருந்துச்சா? சமீபமா அந்தக் கண்ணாடி தெளிய ரொம்ப நேரம் ஆகுதா?

நாகலூர்_மகன் | ஞாயிறு, காலை 6.50

ஐயா, மூன்றுக்கும் பதில் ஆமாம். முன்பெல்லாம் நாலு நிமிடத்தில் தெளியும், இந்த மழைக்காலத்தில் நாகலூர் வந்து சேர்ந்தும் தெளிவதில்லை. டீஃபாகர் கம்பி பழசாகிவிட்டது என்று நினைத்தேன்.

செவ்வாய்ப்பேட்டை_ஒயர்மேன் | ஞாயிறு, காலை 7.40

அப்போ கேளுங்க. கரண்ட் போகிறதுக்கு ஒரு வழின்னா திரும்பி வர்றதுக்கும் ஒரு வழி வேணும். காரில் திரும்பி வர்ற வழி பாடிதான். அதைத்தான் எர்த்துங்கிறோம். பின்பக்கம் இருக்கிற பின் விளக்கு, பிரேக் விளக்கு, டீஃபாகர், டேங்க் பம்ப் எல்லாத்துக்கும் தனித்தனி எர்த் கொடுக்கிறதில்ல. பல வண்டியில ஒயர் எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து பின் சீட்டுக்கு அடியில ஒரே போல்ட்டுல முறுக்கியிருக்கும். அந்த போல்ட்டுல களிம்பு ஏறிச்சுன்னா வாய்க்கால் அடைச்ச மாதிரி. கொஞ்சம் தண்ணி போனா தெரியாது. நிறைய விட்டா தேங்கும்.

பம்ப் மட்டும் ஓடினா நாலஞ்சு ஆம்பியர்தான். அந்த அடைப்புல பெருசா ஒண்ணும் ஆகாது. அதான் பகல்ல நல்லா இருக்கு, அதான் பட்டறையில கேஜ் போட்டப்போ 3.1 காட்டுச்சு. பட்டறையில யார் டீஃபாகர் போட்டுப் பார்ப்பாங்க? ராத்திரி பனியில டீஃபாகர் பத்துப் பன்னிரண்டு ஆம்பியர் இழுக்கும், பின் விளக்கு வேற. எல்லாம் அந்த ஒரே போல்ட் வழியாத் திரும்பணும். அங்கே வோல்ட் தேங்கி, பம்ப்புக்குக் கிடைக்கிறது குறைஞ்சுடும். விளக்கு மங்கும், டீஃபாகர் சூடாகாது, பம்ப் மெதுவாச் சுத்தும். மூணும் ஒரே வியாதி.

சோதிக்கிறது சுலபம். மல்ட்டிமீட்டரை டிசி வோல்ட்டுல வையுங்க. கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ்ல, சிவப்பு முனை பம்ப் சாக்கெட்டோட எர்த் ஒயர்ல. நீளமா ஒரு ஒயர் வேணும். என்ஜின் ஓடிக்கிட்டிருக்கணும், சாக்கெட்டைக் கழற்றக்கூடாது, பின்னாலிருந்து ஊசி முனையால தொடுங்க. 0.1, மிஞ்சிப்போனா 0.2 வோல்ட் இருக்கணும். அப்புறம் பின் விளக்கும் டீஃபாகரும் போட்டுப் பாருங்க. வண்டியை அணைச்சிட்டு ஓம்ஸ்ல பார்க்காதீங்க. பத்து இழையில ஒரு இழை ஒட்டிக்கிட்டிருந்தாலும் ஓம்ஸ் மீட்டர் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லும், கரண்ட் ஓடும்போதுதான் குட்டு வெளிப்படும். பெட்ரோல் வாசனை இருந்தா தொடவே தொடாதீங்க, கதவெல்லாம் திறந்து வெச்சுட்டு வேலை பண்ணுங்க.

இரண்டாம்_கியர் | ஞாயிறு, காலை 8.15

ஐயா, வணக்கம். நான் கேஜ் எண்ணை அப்படியே நம்பிவிட்டேன். எந்த நிலைமையில் அளந்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நாகலூர் தம்பிக்கு அதனால் ஒரு இரவுப் பயணம் வீணாகிவிட்டது, மன்னிக்கணும்.

நீங்கள் சொன்னது கோடோடும் பொருந்துகிறது. கம்ப்யூட்டர் தன் முனையில் வரும் வோல்ட்டைத்தான் அளக்கும், அங்கே 13.5 இருக்கும், அதனால் வோல்ட் குறைவு என்ற கோடு வராது. டேங்க் முனையில் நடப்பது அதற்குத் தெரியாது. இன்ஜெக்டரை இவ்வளவு நேரம் திறந்தால் இவ்வளவு பெட்ரோல் வரும் என்று கணக்குப் போட்டுத் திறக்கிறது. பிரஷர் விழுந்தால் வருவது குறையும், அதுவும் வர்க்கமூலக் கணக்கில்: பிரஷர் நாலில் ஒரு பங்கானால் பெட்ரோல் பாதியாகும். 3.1 பார் 2 பாராக விழுந்தால் பெட்ரோல் ஐந்தில் ஒரு பங்கு குறையும், அதை ஈடுகட்டக் கம்ப்யூட்டர் 25 சதவீதம் கூட்ட வேண்டிவரும். தங்கை படித்த எண்கள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

சில வாரம் வந்து சில வாரம் வராமல் போனதற்கும் விடை இருக்கிறது. இந்தக் கோடு முதல் தடவை தப்பு கண்டதும் விளக்கைப் போடாது, மனசுக்குள் குறித்து வைத்துக்கொள்ளும். அதே மாதிரிச் சூழலில் இன்னொரு பயணத்திலும் கண்டால்தான் எரியும். பனி விழுந்த இரவுகள் அடுத்தடுத்து அமைந்தபோது மாட்டியிருக்கிறது.

நாகலூர்_மகன் | ஞாயிறு, மாலை 5.20

கை இன்னும் நடுங்குகிறது, எழுதிவிடுகிறேன்.

பின் சீட்டைத் தூக்கினேன். பம்ப் மூடிக்குப் பக்கத்தில் சாக்கெட், அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் இடது பக்க ஓரத்துக்குப் போகிறது. ஐயா சொன்னபடி அளந்தேன். என்ஜின் ஓடும்போது 0.6 வோல்ட். பின் விளக்கு போட்டதும் 0.8. டீஃபாகர் போட்டதும் 2.4. பம்ப் சத்தமே மாறியது. "ஙொய்ய்ய்" என்று இருந்தது ஒரு சுருதி இறங்கிவிட்டது. டீஃபாகரை அணைத்தால் ஏறுகிறது, போட்டால் இறங்குகிறது. தங்கையைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன், அவளுக்கும் கேட்டது.

ஒயர் போகும் வழியில் கம்பளத்தை உரித்தேன். அடியில் இருந்த பஞ்சு ஈரம். பிழிந்தால் சொட்டும் அளவுக்கு. இடது பின் கதவு ரப்பர் ஒரு விரல்கடை அளவு கிழிந்திருக்கிறது, மழைத் தண்ணீர் அது வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. எர்த் போல்ட் அங்கேதான். நாலு ஒயர் லக் (ஒயர் முனை வளையம்) ஒன்றன்மேல் ஒன்றாக, அதன்மேல் போல்ட். லக்கைச் சுற்றிப் பச்சைக் களிம்பு, பூஜை அறையில் தேய்க்காமல் விட்ட பித்தளைச் சொம்பு மாதிரி. போல்ட்டுக்கு அடியில் துரு. டீஃபாகர் ஒயரின் தோல் அரை அங்குலத்துக்குக் கறுத்து, விரலால் தொட்டால் உதிர்கிறது. டீஃபாகர் ஓடும்போது போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன், விரலை வைக்க முடியவில்லை.

இப்போது என்ன செய்யட்டும்? நானே செய்யலாமா?

செவ்வாய்ப்பேட்டை_ஒயர்மேன் | ஞாயிறு, மாலை 5.45

தாராளமாச் செய்யலாம். முதல்ல பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிடுங்க. போல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு லக்கையும் ரெண்டு பக்கமும் உப்புத்தாளால செம்பு மின்னுற வரைக்கும் தேய்ங்க. பாடித் தகட்டுலயும் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பெயிண்ட், துரு எல்லாம் போய் வெள்ளித் தகடு தெரியணும். பலர் லக்கைத் தேய்ச்சிட்டுத் தகட்டை விட்டுடுவாங்க, ஆறு மாசத்துல திரும்பி வரும். கறுத்த ஒயரை நல்ல செம்பு தெரியிற இடம் வரைக்கும் வெட்டிட்டுப் புது லக் அழுத்துங்க. முறுக்கி டேப் சுத்தாதீங்க. பழைய போல்ட் வேண்டாம், புதுசு போடுங்க. இறுக்கின பிறகு மேலே வாஸலின் பூசுங்க, இறுக்குறதுக்கு முன்னாடி இல்ல.

கதவு ரப்பரை மாத்தலைன்னா இதெல்லாம் வீண் வேலை. அதையும் கையோட முடிச்சிடுங்க.

தறிச்சத்தம் | ஞாயிறு, மாலை 6.30

ஈரக் கம்பளத்தைக் கழற்றி வெயிலில் போடுங்கள் தம்பி, மேலே காய்ந்தாலும் அடிப்பஞ்சு காய இரண்டு நாளாகும்.

இரண்டாம்_கியர் | ஞாயிறு, இரவு 7.10

ஒரே வேண்டுகோள். வேலை முடிந்ததும் கோடை அழிக்காதீர்கள். பழுது உண்மையிலேயே தீர்ந்திருந்தால், அந்தச் சோதனை மூன்று பயணத்தில் அடுத்தடுத்துத் தேறியதும் கம்ப்யூட்டர் தானே விளக்கை அணைக்கும். அதுதான் சரியான சான்று. இரவில், டீஃபாகர் போட்டு, அதே செகண்ட் கியரில் ஏறுங்கள். பகலில் டவுனைச் சுற்றினால் கணக்கில் வராது.

மேட்டூர்_தண்ணி | ஞாயிறு, இரவு 8.00

இ20 பற்றி நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கிறேன். ஐட்லிங்கில் இருக்கிற அந்த +4 மட்டும் எத்தனால் கணக்கா இருக்கலாம்னு நினைக்கிறேன், சரியா?

இரண்டாம்_கியர் | ஞாயிறு, இரவு 8.10

இருக்கலாம். பத்துக்குள் இருக்கும்வரை அதைத் துரத்த வேண்டியதில்லை.

நாகலூர்_மகன் | அடுத்த சனி, இரவு 10.20

ஐயா, சார், அண்ணன்மாரே, அக்கா, எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

செலவு: போல்ட், நாலு லக், உப்புத்தாள், வாஸலின் எல்லாம் சேர்த்து 85 ரூபாய். கதவு ரப்பர் 650. கம்பளம் மூன்று நாள் மொட்டை மாடியில் கிடந்தது.

முடித்த பிறகு அளந்தது: பம்ப் மட்டும் 0.04 வோல்ட். விளக்கு, டீஃபாகர் எல்லாம் போட்டு 0.11.

செவ்வாய், வியாழன், இன்று என்று மூன்று இரவு ஏறினேன். வியாழன் அன்று நாற்பதடிப் பாலத்திலிருந்தே பனி, எதிரில் வந்த பஸ்ஸின் விளக்குகூடப் பத்தடியில்தான் தெரிந்தது. டீஃபாகர் அடிவாரத்திலிருந்து ஓடியது. ட்ரிம் +5, +7, அதிகபட்சம் +8. இன்று நாகலூரில் அம்மாவை இறக்கிவிட்டு, திரும்பக் கிளம்புவதற்காகச் சாவியைத் திருப்பினேன். எல்லா விளக்கும் எரிந்து, என்ஜின் கிளம்பியதும் எல்லாம் அணைந்தது. அந்த மஞ்சள் விளக்கும் சேர்ந்து அணைந்தது. நான் எதையும் அழிக்கவில்லை. அப்படியே ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அப்பா இருந்திருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பேன்.

ஒயர்மேன் ஐயா, செவ்வாய்ப்பேட்டை வந்தால் உங்களை எங்கே பார்க்கலாம்? தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை_ஒயர்மேன் | அடுத்த ஞாயிறு, காலை 5.40

சந்தோஷம் தம்பி. உங்க மச்சானுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுங்க, கண்டுபிடிச்சது அவர்தான். முன்பக்கம் என்ஜின்லேர்ந்து பாடிக்கு வர்ற எர்த் பட்டையையும் இதே மாதிரி ஒருதடவை அளந்துடுங்க. பன்னிரண்டு வருஷ வண்டி, அதுவும் அதே மழையிலதான் நனைஞ்சிருக்கும். ஸ்டார்ட் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவ்வுக்கும் என்ஜின் கட்டைக்கும் நடுவுல அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாது.

காபிக்கொட்டை | அடுத்த ஞாயிறு, காலை 9.15

டேப்பை எடுத்துட்டேன். ஜீப் 2007 மாடல். இந்த ஸ்கேனர் செருகினா போன்ல இணையவே மாட்டேங்குது. சாக்கெட் இருக்கு, ஆனா வேலை செய்யல.

இரண்டாம்_கியர் | அடுத்த ஞாயிறு, காலை 9.40

வண்டி தன் பழுதைத் தானே பார்த்துச் சொல்லும் பொது முறையான ஓபிடி 2 நம் நாட்டில் கட்டாயமானது 2013 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய வண்டிகளில் சாக்கெட் ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே பேசும் மொழி கம்பெனிக்குக் கம்பெனி வேறு. உங்கள் ஜீப்புக்கு அந்தக் கம்பெனி ஸ்கேனரோ, பல வண்டி பார்க்கும் பெரிய ஸ்கேனரோ வைத்திருக்கும் பட்டறைதான் வழி. தனி இழை தொடங்குங்கள், எரிவது எப்போது, அணைவது எப்போது, மழை நாளா வெயில் நாளா என்பதையும் முதல் பதிவிலேயே எழுதிவிடுங்கள்.

தறிச்சத்தம் | அடுத்த ஞாயிறு, இரவு 8.25

நானும் எங்கள் வண்டியின் பின் சீட்டைத் தூக்கி அளந்தேன். டீஃபாகர் போட்டு 0.3 வோல்ட். களிம்பு இல்லை, போல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தது. 10ஆம் நம்பர் ஸ்பேனரில் அரைச்சுற்று இறுக்கினேன். இப்போது 0.08.